தலையிடிக்கும் முகவலிக்கும் குளிர் ஒத்தடம்

கச்சான் காற்று வீசும் யூன், யூலை மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பகலைக் கழித்தவர்களுக்குத் தலையிடியைப் பற்றி நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்த பிறகு மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஊர்களின் தற்காலிக வீடுகளுக்குப் போனபோதெல்லாம், நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டியபடி வேலை செய்யும் உம்மாமாரைப் பார்த்தோம். பக்கத்திலேயே பனடோல் அட்டையும் இருந்தது. அந்த அட்டையை எடுப்பதற்கு முன் நீங்கள் செய்து பார்க்கக்கூடிய ஒன்றைத்தான் இங்கே சொல்கிறோம்.

பனடோல் கெட்ட மருந்தல்ல. ஆனால் வளர்ந்த ஒருவர் 24 மணித்தியாலத்தில் 500 மில்லிகிராம் குளுசை எட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது. மாதத்தில் பாதி நாள் குளுசை போட்டு, அதுவே சில மாதங்கள் தொடர்ந்தால், அந்தக் குளுசையே தினமும் தலையிடியைக் கொண்டுவரும். பலருக்கு இது தெரியாது. வலி கூடுகிறதென்று இன்னும் கூட்டிப் போடுகிறார்கள்.

குளிர் பட்டால் தோலுக்குக் கீழுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கும். வலியைக் கொண்டுபோகும் நரம்பின் வேகமும் குறையும். ஐஸ் கட்டிகளைப் பொலித்தீன் பையில் போட்டு, துவாயிலோ பழைய கைத்தறிச் சாரன் துண்டிலோ சுற்றி, நெற்றியிலும் கழுத்திலும் 15 நிமிடம் வையுங்கள். மூளைக்குப் போகும் பெரிய குழாய்கள் கழுத்தின் இரு பக்கமும் தோலுக்குக் கிட்ட ஓடுவதால், ஒற்றைத் தலையிடிக்காரருக்கு அங்கே வைப்பது நல்ல சுகம் தரும். தொடங்கியவுடனே வைத்தால்தான் பலன் கூட. திரும்ப வைக்க ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள்.

மீனுக்கு வாங்கும் ஐஸும் போதும். பையை இறுகக் கட்டுங்கள். அந்த ஐஸை வாயில் போடக் கூடாது. உப்பு மட்டும் கலக்க வேண்டாம். 1850ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஜேம்ஸ் ஆர்நொட் என்ற வைத்தியர் உப்பும் ஐஸும் கலந்துதான் தலையிடிக்கு வைத்தார். ஆனால் அந்தக் கலவை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரை இறங்கும்; தோலைச் சுட்டதுபோல் புண்ணாக்கிவிடும். வெறும் ஐஸையும் நேரே தோலில் வைக்காதீர்கள். சீனி வருத்தத்தால் தோல் மரத்துப்போனவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஐஸ் இல்லையா? மண்முட்டித் தண்ணீரில் நனைத்த துணி போதும். கச்சான் காலத்தில் காற்று வரண்டிருப்பதால் ஈரம் வேகமாக ஆவியாகித் துணி நன்றாகக் குளிரும். மாரியில் அவ்வளவு குளிராது, அடிக்கடி நனைக்க வேண்டிவரும்.

“குளிர் வைத்தால் தடிமன் பிடிக்கும்” என்று பெரியவர்கள் தடுக்கலாம். தடிமன் கிருமியால்தான் வருகிறது. ஆனாலும் மூக்கடைத்து, கன்னமும் புருவமும் பாரமாய் வலிக்கும்போது குளிரைவிட இளஞ்சூட்டு ஒத்தடம்தான் இதம். அந்த அளவுக்கு அவர்கள் சொல்வது சரி.

பல் வலித்துக் கன்னம் வீங்கினால் கன்னத்தின் வெளிப்பக்கம் குளிர் வைக்கலாம். அது பல் வைத்தியரிடம் போகும்வரைக்கும்தான்.

இன்னொரு முகவலியும் இருக்கிறது. வுழூச் செய்யக் குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டதும், பல் துலக்கும்போதும் சாப்பாட்டை மெல்லும்போதும், ஒரு பக்கக் கன்னத்தில் மின்சாரம் அடித்தது போல் சில விநாடி வெட்டும். இது முகத்து நரம்பு வலி. குளிர் இதைக் கிளப்பிவிடும். பல்வலியென்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கியவர்களும் உண்டு. பனடோல் இதற்குக் கேட்காது, வேறு மருந்து இருக்கிறது. வைத்தியரைக் காணும்வரை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வுழூச் செய்யுங்கள்.

நோன்பில் அசருக்குப் பிறகு வரும் தலையிடிக்கும் இது கைகொடுக்கும், ஏனென்றால் வாய்க்குள் எதுவும் போவதில்லை. சந்தேகமிருந்தால் உங்கள் மௌலவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேத்தண்ணீர் திடீரென நிற்பதும் ஒரு காரணம். நோன்புக்கு இரண்டு கிழமைக்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள்.

சில தலையிடிகளுக்கு ஒத்தடம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. வாழ்நாளில் காணாத வலி திடீரென வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், பேச்சுக் குழறினால், ஒரு பக்கக் கைகால் சோர்ந்தால், தலையில் அடிபட்ட பிறகு சத்தி எடுத்தால், கர்ப்பிணிக்குத் தலையிடியோடு கண் மங்கினால், பல் வீக்கம் கண்ணுக்கோ தொண்டைக்கோ பரவினால் உடனே வெளிக்கிடுங்கள். கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை இரண்டும் அரசாங்க வைத்தியசாலைகள், காசு தேவையில்லை. போட்ட குளுசை அட்டைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.