பிக்கப் வண்டியின் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

காய்கறியும் பருத்தியும் சந்தைக்குப் போவதற்கும், நெய்த சரக்கு பண்டகசாலைக்கு வந்து சேர்வதற்கும் மாட்டு வண்டியை நம்பியிருந்த காலம் மாறிவிட்டது. இன்று அவ்வேலையைப் பெரும்பாலும் பிக்கப் வண்டிகளே செய்கின்றன. அங்கத்தினர் சிலர் சொந்த வண்டி வைத்திருக்கின்றனர். பலர் வாடகைக்கு அமர்த்துகின்றனர். எஞ்சினுக்கு எண்ணெய் மாற்றுவதில் காட்டும் அக்கறையை டயரின் காற்றில் நாம் காட்டுவதில்லை. காலால் ஓர் உதை உதைத்துப் பார்த்துப் புறப்பட்டு விடுகிறோம். பார வண்டிக்கு இச்சோதனை உதவாது. அதன் டயர் தடித்த பக்கச் சுவர் உடையதாகையால், காற்று வெகுவாகக் குறைந்த பின்னும் நிறைந்தது போலவே கண்ணுக்குத் தோன்றும்.

பாரத்தைத் தாங்குவது எது?

பாரத்தைத் தாங்குவது ரப்பர் என்று எண்ணுவது தவறு. உள்ளே அடைபட்டிருக்கும் காற்றே பெரும்பங்கைத் தாங்குகிறது. ரப்பரும் அதனுள் இருக்கும் நூலும் கம்பியும் அக்காற்றைக் கட்டிக் காக்கின்றன. இக்காற்றின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அளக்கிறோம். காற்றுக் கடைகளில் பி.எஸ்.ஐ. என்பதும் இதுவே.

அழுத்தம் குறைந்தால் தாங்கும் சக்தியும் குறையும். அமெரிக்காவில் கனரகப் பிக்கப் வண்டிகளுக்குப் பூட்டப்படும் டயர்களுள் எல்.டி. 245/75 ஆர் 16 என்பது ஓர் அளவு. அதில் பத்து அடுக்குத் தரமுள்ள டயர், 80 பவுண்டு காற்றில் 1,380 கிலோவைத் தாங்கும். அதே டயர் 50 பவுண்டு காற்றில் ஏறத்தாழ 1,000 கிலோவைத்தான் தாங்கும். ஆகவே, "இந்த டயருக்கு எவ்வளவு காற்று?" என்று கேட்பதை விட, "இந்தப் பாரத்துக்கு எவ்வளவு காற்று?" என்று கேட்பதே முறை.

காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. இத்தகைய வண்டியின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குள் சுமார் 450 முறை சுற்றும். அத்தனை முறை வளைந்து நிமிரும் பக்கச் சுவர் சூடேறுகிறது. சூட்டினால் ரப்பரும் கம்பியும் பிரிகின்றன. முடிவில் டயர் வெடிக்கிறது. கோடை வெயிலும் வேகமும் மிகுபாரமும் சேருமாயின் இது விரைந்து நேரும்.

காற்று மிகுந்தாலும் கேடு உண்டு. டயர் தரையில் பதியும் பரப்புச் சுருங்கி நடுப்பகுதி மட்டும் தேயும். பின்புறம் வெறுமையாக இருக்கும்போது வண்டி துள்ளும். மழையில் பின்சக்கரம் வழுக்கும். தக்காளி போன்ற மென்சரக்குக் குலுங்கிச் சேதமாவதும் உண்டு.

அளவை அறிவது எவ்வாறு?

ஓட்டுநர் பக்கத்துக் கதவின் அருகிலோ வண்டிக் கையேட்டிலோ முன், பின் சக்கரங்களுக்குரிய அழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். அதையே முதற் பிரமாணமாகக் கொள்ள வேண்டும். டயரின் பக்கத்தில் அச்சிட்டுள்ள பெரிய எண், அந்த டயர் தன் முழுப் பாரத்தைத் தாங்குவதற்குரிய அழுத்தம். எந்த வண்டிக்கும் எந்நேரமும் நிரப்ப வேண்டிய அளவு அன்று.

அடுத்து, சரக்கு ஏற்றிய வண்டியை எடை மேடையில் நிறுத்தி, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே எடை போடுவது நலம். உதாரணமாக, வெறும் வண்டி முன்னால் 900 கிலோவும் பின்னால் 750 கிலோவும் இருப்பதாகக் கொள்வோம். 1,250 கிலோ சரக்கு ஏற்றியதும் முன்னால் 1,000, பின்னால் 1,900 ஆகிறது. முன்சக்கரம் ஒன்றுக்குக் கூடியது 50 கிலோ. பின்சக்கரம் ஒன்றுக்குக் கூடியதோ 575 கிலோ! நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அளவாகக் காற்றடிப்பது ஏன் பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

மேற்சொன்ன கணக்கில் பின்சக்கரம் ஒவ்வொன்றும் 950 கிலோ தாங்குகிறது. டயரின் அளவை அடுத்து 106 என்ற பார எண் இருந்தால், அதன் உச்ச வரம்பும் 950 கிலோவே. 104 என்றிருந்தால் வரம்பு 900 கிலோதான்; அப்போது காற்றைக் கூட்டிப் பயனில்லை. சரக்கைக் குறைப்பது ஒன்றே வழி.

குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும்

குறிக்கப்பட்ட அளவுகள் யாவும் குளிர்ந்த டயருக்கு உரியவை. வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பின், அதிகாலையில் அளப்பதே உத்தமம். 65 பவுண்டு உள்ள டயரின் சூடு 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் இரண்டரைப் பவுண்டுக்குச் சற்று அதிகமாகவே உயரும். நெடுந்தூரம் ஓடிய டயர் 72 பவுண்டு காட்டுவது இயல்பே. அதைக் கண்டு அஞ்சிக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாட் காலையில் 60 பவுண்டுக்கும் கீழாக இருக்கும். அன்றைய பாரம் குறைந்த காற்றின் மீது ஏறும்.

புதிய வண்டிகள் சிலவற்றில் காற்றுக் குறைவை அறிவிக்கும் விளக்கு உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பயர்ஸ்டோன் டயர்கள் ஏறத்தாழ 65 லட்சம் திரும்பப் பெறப்பட்ட பின், அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டத்தால் அந்நாட்டில் இவ்விளக்குக் கட்டாயமாயிற்று. ஆயினும் அந்நாட்டு விதிப்படி அழுத்தம் 25 சதவீதம் குறையும்போது விளக்கு எரிந்தால் போதும். 65 பவுண்டு இருக்க வேண்டிய டயர் 49க்கு இறங்கும் வரை அது மௌனமாக இருக்கக்கூடும். ஆதலால் விளக்கை நம்பி அளவையைக் கைவிடலாகாது.

அங்கத்தினர் கைக்கொள்ள வேண்டியவை

பதினைந்து நாளுக்கு ஒரு முறையும், முழுப் பாரம் ஏற்றும் ஒவ்வொரு நாளும் காற்றை அளக்கவும். கடைக்குக் கடை அளவு மாறுமாகையால் சொந்தமாக ஓர் அளவுமானி வைத்திருக்கவும். வால்வு மூடி இல்லாத சக்கரத்துக்கு உடனே மூடி இடவும். ஸ்டெப்னி டயரில் பின்சக்கரத்துக்குரிய அழுத்தம் இருக்கட்டும். டயரின் இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவென்றும், நடுவில் தேய்ந்தால் மிகுதியென்றும் அறியவும். ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் நேர்நிலையைச் சோதிக்கவும்.

சங்கத்துக்கு ஓர் அளவுமானியும் ஒரு குறிப்பேடும் வாங்கி வைத்து, தேதி, ஏற்றிய பாரம், ஒவ்வொரு சக்கரத்தின் அழுத்தம் ஆகியவற்றை எழுதி வருவது பெரும் செலவன்று. காலையில் இதற்குச் செலவாகும் பத்து நிமிஷம், டயரையும் சரக்கையும் காப்பதோடு, வண்டி ஓட்டுபவரும் உடன் செல்லும் சுமைத் தொழிலாளியும் மாலையில் வீடு திரும்பவும் துணை செய்யும்.