ஃபன்னி ஹா ஹா (திரைப்படம்)

ஃபன்னி ஹா ஹா என்பது ஆண்ட்ரூ புஜால்ஸ்கி எழுதி இயக்கிய அமெரிக்க சுயாதீனத் திரைப்படம் ஆகும். 2002 ஆம் ஆண்டு முதன்முதலில் திரையிடப்பட்டது. கல்லூரிப் படிப்பை முடித்தபின், வேலையிலும் காதலிலும் காலூன்ற முடியாமல் தடுமாறும் இளைஞர்களைப் பற்றிய இக்கதை, பாஸ்டன் நகரில் நிகழ்கிறது.

கதைச் சுருக்கம்

மார்னி (கேட் டோலன்மேயர்) அண்மையில் பட்டம் பெற்றவள். நிலையான வேலையின்றித் தற்காலிகப் பணிகளில் காலம் தள்ளுகிறாள். நண்பன் அலெக்ஸ் (கிறிஸ்டியன் ரடர்) மீது அவளுக்குக் காதல். அவன் தன் காதலியைப் பிரிந்த செய்தி கேட்டு நம்பிக்கை கொள்கிறாள். ஆனால் அவன் திடீரெனத் திருமணம் செய்துகொள்கிறான். இதற்கிடையே, உடன் பணியாற்றும் மிட்செல் அவளை விரும்புகிறான். அவளுக்கோ அவன்மீது காதல் இல்லை. மிட்செலாக நடித்தவர் இயக்குநரே. குடியை விடுவது, சதுரங்கம் கற்பது என மார்னி தனக்கெனத் தீர்மானங்களை எழுதிவைக்கிறாள்.

உரையாடல் முறை

இப்படத்தில் யாரும் மனத்தில் உள்ளதை முழுமையாகச் சொல்வதில்லை. பேச்சு பாதியில் நிற்கிறது. தயக்கமும் மழுப்பலும் அந்த இடத்தை நிரப்புகின்றன. எனினும் படத்தில் கெட்டவர் என்று எவரும் இல்லை. ஒருவரையொருவர் புண்படுத்த விரும்பாத தயக்கமே துன்பத்தை நீட்டிக்கிறது. அலெக்ஸிடம் மார்னி எதிர்பார்த்து ஏமாறுவதையே மார்னியிடம் மிட்செல் எதிர்பார்த்து ஏமாறுகிறான். தெளிவான பதில் கிடைக்காத வேதனையை அறிந்தவளே, இன்னொருவருக்குத் தெளிவான பதில் சொல்லத் திணறுகிறாள். படமும் தீர்வு எதையும் காட்டாமல் ஓர் உரையாடலின் நடுவே சட்டென முடிகிறது.

தயாரிப்பு

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் திரைப்படம் பயின்ற புஜால்ஸ்கி, குறைந்த செலவில், 16 மி.மீ. படச்சுருளில் இதனை எடுத்தார். ஒளிப்பதிவாளர் மத்தியாஸ் குரன்ஸ்கி. நடித்தவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை நடிகர்கள் அல்லர். உரையாடல்கள் அந்தந்த நேரத்தில் தோன்றியவை போல ஒலித்தாலும், முன்பே எழுதப்பட்ட திரைக்கதையே படத்திற்கு அடிப்படை.

தாக்கம்

இப்படத்திற்காக 2004 ஆம் ஆண்டு புஜால்ஸ்கி, வளரும் இயக்குநருக்கான இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதைப் பெற்றார். 2005 இல் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. இவ்வகைப் படங்களுக்கு 'மம்பிள்கோர்' என்னும் பெயர் வழங்குகிறது. 'மம்பிள்' என்றால் முணுமுணுத்தல். 2005 இல் இச்சொல்லை உருவாக்கியவர், புஜால்ஸ்கியுடன் பணியாற்றிய ஒலிக்கலைஞர் எரிக் மசுனாகா. இவ்வகையின் முதற்படமாக ஃபன்னி ஹா ஹா பரவலாகக் கருதப்படுகிறது. பெரிய நிறுவனமோ புகழ்பெற்ற நடிகர்களோ இல்லாமல், தம் வயதினரின் அன்றாட வாழ்க்கையையே படமாக்கலாம் என்பதற்கு இது ஒரு முன்மாதிரியாக அமைந்தது.