கையடக்க வருடி

கையடக்க வருடி (ஸ்கேனர்) என்பது கிடங்கு, துறைமுகம், பொதி விநியோகம் ஆகிய சரக்குப் பணிகளில் பட்டைக்குறியைப் படித்துப் பதிவு செய்யும் மின்னணுக் கருவி ஆகும். சரக்கைப் பின்தொடரும் இக்கருவி, அதைப் பிடித்திருக்கும் தொழிலாளியின் வேலையையும் அளக்கிறது. பயன்பாடு முடிந்தபின் மின்னணுக் கழிவாகிறது.

செயல்படும் முறை

தொழிலாளி தன் அடையாள எண்ணைக் கொண்டு கருவியில் நுழைகிறார். எந்த அடுக்கில் எந்தப் பொருளை எடுக்க வேண்டும் என்பதைத் திரை காட்டும். பொருளை வருடியதும், பொருள், இடம், நேரம், ஆள் ஆகிய விவரங்கள் கம்பியில்லா இணைப்பின் வழியாகக் கிடங்கின் கணினிக்குச் செல்கின்றன. இரு வருடல்களுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு ஒருவரின் வேகத்தையும் அவர் வேலை செய்யாத நிமிடங்களையும் கணக்கிடலாம். இதற்கு மேற்பார்வையாளர் அருகில் நிற்க வேண்டியதில்லை.

தொழிலாளர் கண்காணிப்பு

பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 திசம்பர் 27 அன்று அமேசானின் பிரான்சுக் கிடங்கு நிறுவனத்துக்கு 3.2 கோடி யூரோ தண்டம் விதித்தது. முந்தைய பொருளை வருடி 1.25 நொடிக்குள் அடுத்ததை வருடினால் அது பிழையாகக் குறிக்கப்பட்டது. வருடி 10 நிமிடமோ அதற்கு மேலோ ஓய்ந்திருந்தால் அதுவும் பதிவானது. சிறு இடைவெளிக்குக்கூடத் தொழிலாளி விளக்கம் தர நேரிடும் என்பது ஆணையம் கூறிய காரணங்களுள் ஒன்று.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2022 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, பெரிய கிடங்குகள் வேலை இலக்கைத் தொழிலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உணவு, ஓய்வு, கழிப்பறை ஆகியவற்றுக்கான நேரத்தை அந்த இலக்கு தடுக்கக்கூடாது.

கழிவாதல்

வருடி பழுதாகாமலேயே கழிவாவதுண்டு. பல கருவிகளில் இயங்கிய விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5 இயங்குதளத்துக்கான ஆதரவு 2020 சனவரியில் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றதால் நிறுவனங்கள் ஆண்ட்ராய்டு கருவிகளுக்கு மாறின.

ஐக்கிய நாடுகள் அறிக்கையின்படி 2022-இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உண்டானது. அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது. எஞ்சியதில் ஒரு பகுதி முறைசாராத் தொழிலாளரிடம் சேர்கிறது. கம்பியை எரித்துச் செம்பு எடுப்பவர்கள் நச்சுப்புகையைச் சுவாசிக்கின்றனர். வருடியைப் பிடித்தவரின் நொடிகளுக்குப் பதிவு உண்டு. அதைப் பிரிப்பவருக்குப் பெரும்பாலும் பணிப்பதிவேடுகூட இல்லை.

பேசல் உடன்படிக்கையின் திருத்தப்படி, 2025 சனவரி 1 முதல் எல்லா வகை மின்னணுக் கழிவையும் வேறு நாட்டுக்கு அனுப்புமுன் பெறும் நாட்டின் ஒப்புதலைப் பெற வேண்டும்.