உங்களுக்குத் தெரியுமா? கரும்புகை விட்டால் எஞ்சினுக்கு வலு கூடிவிடாது

◆ துறைமுகத்திலிருந்து வரும் கொள்கலன் லொறி இங்குருகடைச் சந்தியில் கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பினால், "நல்ல புல்லிங்" என்று மெச்சுகிறவர்கள் கிராண்ட்பாஸில் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கறுப்பு, காசு கொடுத்து வாங்கிய டீசல். எரியக் காற்றுப் போதாமல் கரியாகி வெளியே போகிறது. நீலம் கலந்த புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் டீசல் எரியாமல் ஆவியாகிறது, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. இந்த மூன்றில் எது இருந்தாலும் டியூனிங் பேச்சை அன்றைக்கு நிறுத்திவிட்டுப் பழுதைப் பாருங்கள்.

◆ பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்றின் வழி திறக்கிறது. டீசலில் அப்படியில்லை. அது எப்போதும் கிடைக்கிற காற்றையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. உங்கள் கால் தீர்மானிப்பது எவ்வளவு டீசல் பீச்ச வேண்டும் என்பதை மட்டும்தான். அதனால் உருளைக்குள் எரிபொருளுக்கு வேண்டியதைவிட அதிகமான காற்று பெரும்பாலும் மிச்சமிருக்கும். ரீமேப் செய்கிறவர் கை வைப்பது இந்த மிச்சத்தில்தான். எஞ்சினின் கணினியில் பதிந்திருக்கும் அட்டவணைகளைத் திருத்தி, டீசலின் அளவு, பீச்சும் நேரம், ரெயில் அழுத்தம், டர்போ அழுத்தம் ஆகியவற்றைக் கூட்டுகிறார். டர்போ இல்லாத பெட்ரோல் காரில் இதே வேலையைச் செய்தால் கையில் நிற்பது சொற்பம். டர்போ டீசலில் 20 முதல் 30 வீதம்வரை வலு கூடுவது சாதாரணம்.

◆ அப்படியென்றால் கம்பனிக்காரர் அந்த வலுவை ஏன் கொடுக்காமல் விட்டார்கள்? 2015இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் கெப்பின் 2.8 லீட்டர் 1ஜிடி எஞ்சினைப் பாருங்கள். ஓட்டோ கியர் வண்டிக்கு முறுக்குவிசை 450 நியூட்டன் மீட்டர், கைக்கியர் வண்டிக்கு 420. எஞ்சின் ஒன்றேதான். 2020இல் அதை 204 குதிரைவலுவுக்கு உயர்த்தியபோது ஓட்டோவுக்கு 500 கொடுத்தார்கள். கைக்கியருக்கு? அதே 420தான். அதற்குமேல் கிளட்சும் கியர்பெட்டியும் நெடுநாள் தாங்கவேண்டுமே என்ற கணக்கு அது. மடிக்கணினியைத் திறந்து பத்து நிமிடத்தில் அந்த வரம்பை அழித்துவிடலாம். கிளட்ச் தட்டு அதே பழைய தட்டுதான்.

மாருதி ஸ்விஃப்ட்டில் வந்த 1.3 லீட்டர் மல்டிஜெட் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஸ்விஃப்ட்டில் 75 குதிரைவலு கொடுத்த அந்த 1248 சிசி எஞ்சின், எஸ்எக்ஸ்4 காரில் 90 கொடுத்தது. வெறும் மென்பொருளால் வந்த கூடுதல் இல்லை அது. இதழ்கள் அசைந்து தன்னைச் சரிசெய்யும் டர்போவும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் சேர்ந்தன. காற்றையும் குளிர்ச்சியையும் கொடுத்த பிறகே டீசலைக் கூட்டினார்கள். டியூனிங்கின் சரியான வரிசையும் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

◆ 1976 ஜூன் மாதம் இத்தாலியின் நார்தோ ஓடுபாதையில் மெர்சிடிஸின் சி111 டீசல் கார் உலக சாதனைகளை வாரிக் குவித்தது. உள்ளே இருந்தது சாதாரண மெர்சிடிஸ் காரின் ஐந்து உருளை, 3 லீட்டர் டீசல். கடைக்கு வந்த காரில் அதன் வலு 80. டர்போவும் இன்டர்கூலரும் பூட்டியபின் 190.

◆ இன்றைய டீசலின் உயிர்நாடி காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் உயர் அழுத்த டீசலைக் கொடுக்கும் பொதுக் குழாய். டென்சோ அதை லொறிக்குக் கொண்டுவந்தது 1995இல். 1997இல் அல்ஃபா ரோமியோ 156 அதைப் பூட்டிய முதல் காராக வந்தது. அப்போது அழுத்தம் ஏறத்தாழ 1350 பார். இப்போது 2000ஐத் தாண்டிவிட்டது. 2000 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் இரண்டு தொன் பாரம். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஒவ்வோர் உருளையும் நொடிக்கு 25 முறை எரிகிறது. ஒவ்வொரு முறையும் இன்ஜெக்டர் பல தவணைகளாகப் பீச்சுகிறது. முதலில் ஒரு துளி, பிறகு பெரும் பங்கு. அந்த முதல் துளிதான் பழைய டீசலின் 'டக டக' சத்தத்தை அடக்கியது.

இவ்வளவு நுணுக்கமான பொருள் தேய்ந்திருக்கும்போது ரீமேப் செய்வது வீண். அதைக் கண்டுபிடிக்கும் முறையோ மிக எளிது. நல்ல கராஜில் பாஸ் நான்கு இன்ஜெக்டர்களின் திரும்பு குழாய்களையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் மெல்லிய ட்யூப் மாட்டி, நான்கு சிறிய போத்தல்களுக்குள் விடுவார். எஞ்சினைச் சில நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் போத்தல்களில் டீசல் ஏறும். மூன்று போத்தல் ஒரே மட்டத்தில் நிற்க, நான்காவது மட்டும் இரண்டு மடங்கு நிறைந்திருந்தால் குற்றவாளி அகப்பட்டான். அந்த இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது.

◆ பஞ்சிகாவத்தையில் இன்ஜெக்டர் வாங்கப் போகிறீர்களா? அதன் தலையில் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த வரிசையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இன்ஜெக்டரும் பீச்சும் அளவில் நூலிழை வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தைத் தொழிற்சாலையிலேயே அளந்து குறியீடாகப் பொறித்திருக்கிறார்கள். அதைக் கணினிக்குள் ஏற்றாமல் பூட்டினால் புது இன்ஜெக்டரும் முரட்டுத்தனமாகத்தான் ஓடும். துலக்கித் தேய்த்து அந்த எழுத்து அழிந்துபோன சாமானுக்கு விலை பேசவே வேண்டாம்.

◆ கேடிஎச் வேனிலும் பிராடோவிலும் உள்ள 3 லீட்டர் 1கேடி எஞ்சினை வைத்திருப்பவர்கள் ஒரு சிறிய செப்பு வளையத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். இன்ஜெக்டரின் அடியில் உட்காரும் வளையம் அது. அது கசிந்தால் உருளைக்குள் எரிந்த வாயு மேலேறி எஞ்சின் ஒயிலோடு சேரும். ஒயில் தாராய்க் கெட்டியாகும். அடியிலுள்ள ஒயில் உறிஞ்சும் வலை அடைபடும். பிறகு ஒயில் அழுத்தம் விழுந்து எஞ்சினே பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாய்ச் சாமான், சில இலட்ச ரூபாய் நட்டம். இந்த எஞ்சினுக்கு ரீமேப் கேட்டு வருகிறவரிடம் முதலில் இந்த வளையத்தை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்கிறவரே நம்பத் தகுந்த டியூனிங்காரர்.

◆ வயரில் செருகும் 'டியூனிங் பெட்டி' என்ன செய்கிறது தெரியுமா? பலவற்றின் வேலை ஒன்றே: ரெயில் அழுத்தத்தைக் குறைத்துச் சொல்வது. உண்மையில் 1500 பார் இருக்கும்போது 1350 என்று கணினிக்குச் சொன்னால், கணினி அழுத்தத்தை ஏற்றும். டீசல் கூடுதலாகப் பாயும். வலு தெரியும். ஆனால் எஞ்சினைக் காக்க வேண்டிய கணினி அதன்பிறகு பொய்க் கணக்கை வைத்தே காவல் காக்கிறது. அந்தக் காரின் எஞ்சினை அறிந்து எழுதிய ரீமேப்புக்கும் இதற்கும் தூரம் அதிகம்.

◆ டர்போ அழுத்திய காற்று 100 பாகைக்குமேல் சுடும். சூடான காற்று விரிந்த காற்று. அதில் ஒட்சிசன் குறைவு. 120 பாகைக் காற்றை இன்டர்கூலர் 50க்கு இறக்கினால், அழுத்தம் மாறாமலே ஐந்தில் ஒரு பங்குக்குமேல் அடர்த்தி கூடுகிறது. வெளியே நிற்கிற காற்றே 30 பாகையைத் தாண்டும் கொழும்பில் இதன் அருமை இன்னும் அதிகம். பழைய வண்டியென்றால், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப்பைச் சுற்றிக் கையால் தடவிப் பாருங்கள். எண்ணெய்ப் பசையோடு கரிய தூசி வளையமாகப் படிந்திருந்தால் அங்கே காற்று வெளியேறுகிறது. மிதிக்கும்போது மட்டும் 'உஸ்' என்ற சத்தம், கூடவே கரும்புகை, இழுவைக் குறைவு. புதுக் குழாயும் இறுக்கமான கிளிப்பும் மாட்டியதும் பலர் "வண்டிக்கு என்ன செய்தீர்கள்?" என்று வியக்கிறார்கள்.

◆ கார் டர்போவின் அச்சு நிமிடத்துக்கு 2 இலட்சம் முறை சுழலக்கூடியது. பெரும்பாலானவற்றில் அதைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. பழைய டர்போ வாங்கும்போது விரலால் அச்சைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். ஒயில் நிற்கும் இடைவெளி அது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. இதழ்களின் ஓரம் உட்சுவரில் உரசிய கீறல் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

◆ நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும். டர்போவோ கூடுதலாகச் சுழன்று ஈடுகட்டும். கம்பனியின் மென்பொருள் உயரம் ஏற ஏற டர்போவை அடக்கி வைக்கிறது, அளவுக்குமேல் சுழன்று உடையாமலிருக்க. கிராண்ட்பாஸில் கடல் மட்டத்தில் நின்று எழுதிய ரீமேப்பில் அந்தத் திருத்தத்தை நீக்கியிருந்தால், றம்பொடை ஏற்றத்தில் டர்போ பாடு திண்டாட்டம். மலைநாட்டில் உறவினர் உள்ளவர்கள் இதை டியூனிங்காரரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும்.

அதே ஏற்றத்தில் இன்னொன்றும் நடக்கிறது. அலுமினியம் 660 பாகையில் உருகும். உருளைக்குள் தீ 2000 பாகையைத் தாண்டும். அலுமினியப் பிஸ்டன் பிழைத்திருப்பதற்குக் காரணம், தீ கண நேரமே நிற்பதும், பிஸ்டனின் அடிவயிற்றில் ஒயில் பீச்சிக் குளிர்விப்பதும்தான். சமவெளியில் அரை நிமிடம் முழுசாய் மிதிப்பதை எந்த டியூனும் தாங்கும். மூட்டை முடிச்சோடு, ஏசி போட்டு, பத்து நிமிடம் மலை ஏறுவதுதான் பரீட்சை. ஆகவே டியூன் செய்த டீசலில் நான் முதலில் பூட்டச் சொல்வது, புகைபோக்கி வாயுவின் வெப்பத்தைக் காட்டும் மீட்டரை.

◆ 2006 டீசலின் ஆண்டு. ஜூனில் ஆடி ஆர்10 லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. டீசல் காருக்கு அங்கே கிடைத்த முதல் வெற்றி. ஓகஸ்டில் ஜேசிபி டீசல்மேக்ஸ் அமெரிக்காவின் பொன்னவில் உப்புத்தரையில் மணிக்கு 563 கிலோமீட்டரை எட்டியது. அதன் இரண்டு எஞ்சின்களும், நம் தெருக்களில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரங்களின் எஞ்சினிலிருந்து வளர்த்தெடுத்தவை. ஒவ்வொன்றும் 750 குதிரைவலு.

◆ சென்னைக்கருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி ஓடுபாதையிலும் 2010இல் ஓடிய போலோ கிண்ணப் பந்தயக் கார்கள் டீசல்தான். 1.6 லீட்டர், 130 குதிரைவலு.

◆ "இஜிஆரை அடைத்துவிடுங்கள், டிபிஎஃபை வெட்டிவிடுங்கள்" என்ற ஆலோசனை கராஜுக்குக் கராஜ் கிடைக்கும். இஜிஆர் என்பது புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே விட்டு எரிவெப்பத்தைக் குறைப்பது. அதனால் நைட்ரஜன் ஒக்சைட்டுகள் குறைகின்றன. டிபிஎஃப் கரியைப் பிடித்துவைத்து, சுமார் 600 பாகையில் எரித்துச் சாம்பலாக்கும் வடிகட்டி. அந்த நைட்ரஜன் ஒக்சைட்டைப் பரிசோதனையில் மட்டும் மறைக்க மென்பொருள் எழுதியதற்காகத்தான் 2015 செப்டெம்பரில் ஃபோக்ஸ்வேகன் மாட்டிக்கொண்டது. உலகெங்கும் 1 கோடியே 10 இலட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்தது. ஆமர் வீதி நெரிசலில் நம் பிள்ளைகள் நடந்துபோகும் உயரத்தில்தான் புகைக்குழாயின் வாயும் இருக்கிறது. வெட்டி எறிவதை என்னால் ஆதரிக்க முடியாது.

டிபிஎஃப் அடைபடுவதற்கு உண்மையான காரணம் நம் ஓட்டம். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் ஊர்ந்து போய் வந்தால் வடிகட்டி ஒருநாளும் 600 பாகையைக் காணாது. களனிப் பாலத்தைக் கடந்தால் பேலியகொடையில் கட்டுநாயக்க அதிவேகப் பாதை தொடங்குகிறது. 2013இல் திறந்த 25.8 கிலோமீட்டர். வாரம் ஒருமுறை அதில் சீரான வேகத்தில் போய் வந்தால் கரி தானாக எரியும். எரிப்பு பாதியில் நின்று நின்று போனால், அதற்காகப் பீச்சிய டீசல் உருளைச் சுவர்வழி ஒயில் தொட்டிக்குள் இறங்கும். ஒயில் குச்சியில் அளவு கூடிக்கொண்டே போனால் உடனே ஒயிலை மாற்றுங்கள். மாற்றும்போது டிபிஎஃபுக்கென்று குறைந்த சாம்பல் உள்ள ஒயிலையே ஊற்ற வேண்டும்.

◆ சூப்பர் டீசல் ஊற்றினால் குதிரைவலு கூடுமா? கூடாது. ஆனால் கந்தகம் குறைவு. டிபிஎஃப் உள்ள காருக்கு ஓட்டோ டீசலைவிட அதுவே பொருத்தம். மண்ணெண்ணெய் கலந்த டீசல் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். உயர் அழுத்தப் பம்புக்கு மசகு டீசலே, மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது.

◆ 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்தாண்டில் பழைய டீசல் கார்களே நம்மைச் சுமந்தன. பலர் எஞ்சினையே மாற்றினார்கள். மாற்றியவர்கள் புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும். கடைக்காரரிடம் பற்றுச்சீட்டையும் இறக்குமதி ஆவணங்களையும் எஞ்சினோடு சேர்த்தே வாங்கி வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் போய்த் தேடினால் கிடைப்பது அரிது. 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரமும் புதுப்பிக்க முடியாது. டியூன் செய்த காரென்றால், டியூனிங்காரருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்குமுன் அந்தப் பரிசோதனையைச் செய்து, அறிக்கையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.