நாயின் பித்தப்பையை எடுக்கச் சொன்னால்

ஸ்கேன் பார்த்த டாக்டர் "பித்தப்பையை எடுத்துவிடலாம்" என்று சொன்னதும், பெங்களூரு ஸ்ரீராம்புரத்துச் சந்து வீட்டில் எழும் முதல் கேள்வி: அது இல்லாமல் நாய் பிழைக்குமா? பிழைக்கும். பித்தத்தைச் சுரப்பது கல்லீரல். அதைச் சேர்த்து வைக்கும் பைதான் பித்தப்பை. பையை எடுத்தபின் பித்தம் குழாய் வழியாக நேரே குடலுக்குச் சொட்டும்.

நமக்கு வருவதுபோல் கல்லா? பெரும்பாலும் இல்லை. நாய்களுக்கு அறுவை தேவைப்படுவது அதிகமும் மியூகோசீல் (பைக்குள் சளி இறுகி அடைத்துக்கொள்வது) என்ற நோயால்தான். ஸ்கேனில் அறுத்த கிவிப் பழம்போல் தெரியும். முற்றினால் பையின் சுவர் அழுகி வெடிக்கும், பித்தம் வயிற்றுக்குள் கொட்டும்.

நடுவயது தாண்டிய நாய்களுக்கே இது அதிகம். நம் வீடுகளில் விரும்பி வளர்க்கும் பொமரேனியன் இதற்கு ஆளாகும் இனங்களில் ஒன்று. காக்கர் ஸ்பேனியல், சிவாவாவும் அப்படியே. தைராய்டு குறைவு, குஷிங் நோய் (உடலில் ஸ்டீராய்டு மிகையாகச் சுரப்பது), ரத்தத்தில் மிகைக் கொழுப்பு ஆகியவையும் பல நாய்களில் கூடவே காணப்படும். ஆகவே அவற்றுக்கும் பரிசோதனை கேளுங்கள்.

எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது? சாப்பிடாது, வாந்தி எடுக்கும், சோர்ந்து கிடக்கும். முன்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் வயிறு வலிக்கிறது என்று கொள்ளுங்கள். கறுப்பு நாயானாலும் ஈறு, கண்ணின் வெள்ளை, காதின் உட்புறம் ஆகியவற்றில் மஞ்சள் தெரியலாம். சில நாய்களிடம் ஒரு அறிகுறியும் இருக்காது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அகப்படும்.

மஞ்சள் காமாலைதானே, கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கலாமா? வேண்டாம். உண்ணிக் காய்ச்சல், எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல், அடைபட்ட பித்தக் குழாய் எல்லாவற்றிலும் மஞ்சள் வரும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எலிக்காய்ச்சல் நம்மையும் தொற்றும். காரணம் தெரியும்வரை நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுத் துடையுங்கள். கீழாநெல்லி அரைத்துக் கழியும் இரண்டு நாளில் பை வெடித்துவிடலாம் என்பதுதான் என் பயம்.

மருந்திலேயே சரியாகாதா? ஆரம்ப நிலையில் சில டாக்டர்கள் பித்தத்தை இளக்கும் மாத்திரையும் கொழுப்பு குறைந்த உணவும் கொடுத்து, அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கவனிப்பார்கள். குழாய் அடைபட்டிருந்தால் அந்த மாத்திரை ஆகாது. நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அறுவை ஆபத்தா? ஆபத்துதான், ஆனால் எப்போது செய்கிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 2018-இல் அமெரிக்காவில் வெளியான 70 நாய்கள் பற்றிய ஆய்வில், நிலைமை முற்றுமுன் திட்டமிட்டுச் செய்தவற்றில் சுமார் 2 சதவீதமும், அவசரத்தில் செய்தவற்றில் 20 சதவீதமும் இறந்தன. டாக்டர் நாள் குறித்தால், நாய் நன்றாகத்தானே ஓடுகிறது என்று தள்ளிப்போட வேண்டாம்.

எங்கே போவது? 1958 முதல் இயங்கும் ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆலோசனை கேட்கலாம். தனியார் மருத்துவமனைகளும் உண்டு. மெட்ரோவில் நாயை ஏற்ற மாட்டார்கள், ஆட்டோவை முன்பே பேசி வையுங்கள். எங்கு போனாலும் மூன்றைக் கேளுங்கள்: ரத்தம் உறையும் பரிசோதனை செய்தாயிற்றா? இரவில் நாயின் பக்கத்தில் யார் இருப்பார்கள்? சேர்க்கை, மருந்து, மறுபரிசோதனை எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும்? இரண்டாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். அறுவை முடிந்த முதல் சில நாள்கள்தான் மிகக் கடினமானவை.

வீட்டுக்கு வந்தபின்? நம் பகுதியில் பல வீடுகளுக்குப் படி செங்குத்தாக இருக்கும். தையல் பிரிக்கும்வரை, சுமார் 10 முதல் 14 நாள், நாயை ஏறி இறங்க விடாதீர்கள். மார்புக்கும் பின்தொடைக்கும் அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள், வயிற்றை அழுத்த வேண்டாம். கட்டிலில் தாவக் கூடாது. சிறுநீர் கழிக்க மட்டும் கயிறு கட்டி வெளியே கூட்டிப் போங்கள். கழுத்துக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றினால், ஐந்து நிமிடத்தில் தையலை நக்கிப் பிரித்துவிடும். குளிப்பாட்டாதீர்கள்.

சாப்பாடு? தோலும் கொழுப்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, குழைந்த சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை கொடுங்கள். நெய், ஆட்டுக்கறி, வறுவல், பிரியாணி எலும்பு எதுவும் ஆகாது. இது சில வார உணவுதான், பிறகு என்ன கொடுப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள். தெருவே ஊட்டி வளர்க்கும் நாயானால், அக்கம்பக்கத்தில் தமிழிலும் கன்னடத்திலும் சொல்லி வையுங்கள். பாசத்தில்தான் பிஸ்கட் போடுகிறார்கள், சொன்னால் நிறுத்திவிடுவார்கள்.

வலிக்கு நம் பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுக்கவே கூடாது. டாக்டர் எழுதியது மட்டும்.

எப்போது ஓடிப் போக வேண்டும்? திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமை, உப்பும் வயிறு, வெளிறிய அல்லது மறுபடி மஞ்சளான ஈறு, தையலில் சீழ். இவற்றில் ஒன்று வந்தாலும், இரவானாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவசர சிகிச்சை தரும் இடத்தின் எண்ணை முன்பே எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

தையல் பிரித்ததும் ஓடி விளையாடத் தொடங்கும். ஆனாலும் டாக்டர் சொன்ன தேதியில் கல்லீரல் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். பையை எடுத்தாலும் கல்லீரலும் குழாயும் அங்கேயேதான் இருக்கின்றன. போகும்போது பழைய ஸ்கேன் அறிக்கையும், எடுத்த பையைப் பரிசோதித்த முடிவும் கையில் இருக்கட்டும்.