மலக்குழி மணியும் மின்பழுதும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கற்படையின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே குடிப்பதற்கும், வெங்காயம், மிளகாய், புகையிலை முதலிய பயிர்களுக்கு இறைப்பதற்கும் உதவுகின்றது. கீரிமலையிலே கடலோரத்தில் நன்னீர் ஊறுவதைக் கண்டோர், அந்நீர் நிலத்தடியில் எத்துணை எளிதாக நடமாடுகின்றது என்பதை அறிவர். மலக்குழி நீரும் அவ்வழியே கிணற்றை அடையக்கூடும். அதனுடன் வரும் நைத்திரேற்று நிறமோ மணமோ காட்டாது. ஓர் இலீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படின் புட்டிப்பால் அருந்தும் குழந்தைகளுக்குத் தீங்கு விளைக்கும் என உலகச் சுகாதார நிறுவனம் எல்லை வகுத்துள்ளது. தோட்டத்து உரமும் இதற்குக் காரணமே. அது தனியே ஆராயத்தக்கது.

ஆகவே சில வீடுகளில் கசிவற்ற மலக்குழி கட்டி, அது நிரம்புமுன் அறிவிக்க மின்மணியொன்றும் பொருத்துகின்றனர். குழியினுள் தொங்கும் மிதவை நீர்மட்டம் உயர்ந்ததும் சாய்கின்றது. அதனுள்ளிருக்கும் ஆளி மூடி, சுற்று நிறைவுற்று, மணி ஒலிக்கின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை பெய்து நிலத்தடி நீர் மேலெழும் காலத்திலேயே இம்மணி மிகுதியும் தொல்லை தருகின்றது. அப்பொழுது வீட்டார் பலர் செய்வது யாதெனில், "கம்பி நனைந்துவிட்டது" என்று கூறி மணியைக் கழற்றி வைப்பதாம். பின்னர் குழி உண்மையாகவே வழிந்தாலும் அறிவார் எவருமிலர்.

முதலிற் பார்க்க வேண்டியது நீர்மட்டமேயன்றிக் கம்பியன்று. பிரதான ஆளியை நிறுத்திய பின், இருவர் சேர்ந்து மூடியை அகற்றி, எட்டி நின்று நீண்ட உலர்ந்த தடியினால் மட்டத்தை அளக்கலாம். தீக்குச்சியோ விளக்கோ அருகிற் கொண்டுசெல்லலாகாது. குனிந்து பார்ப்பதும் உள்ளே இறங்குவதும் கூடவே கூடா. அங்குள்ள நச்சுவாயு ஒருவரை நொடியில் மயக்கும், அவரைத் தூக்க இறங்கியவரையும் விடாது. மட்டம் உயர்ந்திருப்பின் மணியிற் பழுதில்லை. கழிவகற்றும் பவுசரை அழைப்பதே செய்யத்தக்கது.

மட்டம் தாழ்ந்திருந்தும் மணி ஒலிப்பின், மின்சாரம் நிறுத்தப்பட்ட நிலையில் மணிப்பெட்டியிலுள்ள மிதவைக் கம்பிகள் இரண்டையும் கழற்றி, முனைகள் ஒன்றையொன்று தொடாவண்ணம் வைத்து, மீண்டும் மின்சாரம் செலுத்துக. ஒலி நின்றால் பெட்டி நன்று, பழுது வெளியிலுள்ளது. பெரும்பாலும் குழியருகே உள்ள இணைப்புப்பெட்டியிலே மழைநீர் புகுந்து கம்பிமுனைகள் பச்சை பூத்திருக்கும். உப்புக்காற்று வீசும் கரையோர வளவுகளில் இது விரைவில் நேரும். சிலவிடத்து மிதவை குழாயிற் சிக்கிச் சாய்ந்தபடியே நின்றுவிடும். கம்பிகளைக் கழற்றிய பின்னும் ஒலி நில்லாதாயின் குற்றம் பெட்டியினுள்ளேதான்.

ஒலிக்கவேண்டிய வேளையில் மணி வாளாவிருப்பின், உருகியையும் தடைபட்ட ஆளியையும் முதலிற் காண்க. மின்சாரம் நிறுத்திப் பெட்டியிலே அவ்விரு கம்பிமுனைகளையும் சேர்த்துக் கட்டிய பின் மின்சாரம் செலுத்த மணி ஒலித்தால், பெட்டிக்கும் மிதவைக்கும் இடையில் கம்பி அறுந்திருக்கலாம், அல்லது மிதவையே கெட்டிருக்கலாம். இவ்விரு சோதனைகளும், சாதாரணமாகத் திறந்திருந்து நீர் உயரும்போது மூடும் ஆளிக்கே பொருந்தும். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஈரநிலத்தில் வெறுங்காலுடன் நின்று அதனைத் தொடுவது உயிருக்கு ஆபத்து. மின்சாரம் அறியாதவர் இவ்வேலைகளைத் தேர்ந்த மின்தொழிலாளரிடம் விடுக.

மணியையும் கழிவுநீர் இறைக்கும் மோட்டரையும் ஒரே சுற்றில் இணைக்கும் வழக்கம் பலவிடங்களில் உண்டு. மோட்டர் பழுதுற்று ஆளி தடைபட்டால் மணியும் அதனுடன் ஊமையாகிவிடும். மணிக்குத் தனிச்சுற்று அமைப்பதும், மழைக்கு முன் புரட்டாதியில் ஒருமுறை மிதவையைக் கயிற்றினால் உயர்த்தி ஒலியைக் கேட்டுப் பார்ப்பதும் செலவு குறைந்தவை. இணைப்புப்பெட்டி நிலமட்டத்திற்கு மேலே, மழை படாத சுவரில் இருத்தல் வேண்டும்.