தங்கவயலின் சிறு நூல்கள்: அன்றும் இன்றும்

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1880இல் கோலார் தங்கவயலில் கால் ஊன்றியது. 2001 பிப்ரவரி 28இல் அங்கிருந்த பாரத் கோல்டு மைன்ஸ் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இடைப்பட்ட 120 ஆண்டுகளின் கதையை எல்லோரும் ஆழத்தின் கதையாகவே சொல்கிறார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது, 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, எத்தனையோ டன் தங்கம் வெளியே போனது என்று சொல்வார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்தும் வந்து அந்த ஆழத்தில் இறங்கிய தமிழர்கள், மேலே ஏறி வந்த பிறகு என்ன படித்தார்கள் என்ற கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. அவர்கள் படித்தார்கள். படித்ததோடு நில்லாமல் பதிப்பித்தார்கள். அந்தப் பதிப்புகள்தான் இன்று தமிழில் கிடைப்பதற்கு மிக அரிய நூல்களில் சில.

அன்று: கூலிப் பணத்தில் பிறந்த நூல்

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் வெளிவரத் தொடங்கியது. விலையே பெயராக இருந்த இதழ் அது. ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ ஆயிற்று. சென்னைக்கு வெளியே அந்த இதழுக்கு அமைந்த மிக வலுவான வாசகர் கூட்டங்களில் ஒன்று தங்கவயலில் இருந்தது. பண்டிதரின் பௌத்த இயக்கத்தைச் சேர்ந்த சங்கங்கள் அங்கே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் தோன்றின. எம்.ஒய். முருகேசர், ஜி. அப்பாதுரையார் போன்றவர்கள் இந்த மண்ணில் அந்த இயக்கத்தை நடத்தினார்கள். 1914இல் பண்டிதர் மறைந்தார். அதன்பின் சிறிது காலமே இதழ் தொடர்ந்தது. அதை 1926இல் மீண்டும் எழுப்பி, தங்கவயலிலிருந்து பல ஆண்டுகள் நடத்தியவர் அப்பாதுரையார். சென்னையில் நின்றுபோன இதழுக்குச் சுரங்கத் தொழிலாளர் ஊர் உயிர் கொடுத்தது. தமிழ் இதழியல் வரலாற்றில் இதற்கு இணையான நிகழ்வு அதிகம் இல்லை.

சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை இயங்கியது. பண்டிதரின் எழுத்துகளை அது சிறு நூல்களாக வெளியிட்டது. மெல்லிய அட்டை, மலிவான தாள், எளிய கட்டு என்று இருந்த அவை அலமாரியில் காட்சிக்கு வைப்பதற்காக அச்சிடப்படவில்லை. கூட்டத்தில் உரக்க வாசிப்பதற்கும், ஷிஃப்டு முடிந்து வந்தவர் விளக்கடியில் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கும், அடுத்த வீட்டுக்குக் கைமாற்றித் தருவதற்கும் அச்சிடப்பட்டவை. பிரதிகள் குறைவாக இருந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: காகிதம் வாங்கக் கையில் இருந்த பணம் அவ்வளவுதான்.

அதே காலத்தில் உலகின் வேறொரு மூலையில் பிரதிகளைத் திட்டமிட்டே குறைக்கும் வழக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் 1891இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கி, கைத்தாளில் அழகிய நூல்களைச் சிறு எண்ணிக்கையில் அச்சிட்டார். நியூயார்க்கில் ஜார்ஜ் மேசி 1929இல் லிமிடெட் எடிஷன்ஸ் கிளப்பை நிறுவினார். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ நாவலை அது 1935இல் 1,500 பிரதிகள் மட்டும் வெளியிட்டது. எல்லாவற்றிலும் ஓவியர் மாத்தீஸ் கையெழுத்திட்டார். ஜாய்ஸ் 250 பிரதிகளில் மட்டும் கையெழுத்திட்டார். அந்த 250 பிரதிகளைத் தேடுகிற சேகரிப்பாளர்கள் இன்றும் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவை எங்கெங்கே இருக்கின்றன என்பதற்கு ஏலப் பட்டியல்களும் நூலகப் பதிவுகளும் உள்ளன. அதே பத்தாண்டில் தங்கவயலில் அச்சான ஒரு நூலின் எத்தனை பிரதிகள் பிழைத்திருக்கின்றன என்பதற்கு அப்படி ஒரு பதிவு கிடையாது.

கையொப்பம்: அன்று காவல், இன்று சிறப்பு

பழைய தமிழ்ப் புத்தகங்களின் முன்பக்கத்தில் சில வேளை ஓர் எச்சரிக்கை இருக்கும். நூலாசிரியரின் கையொப்பமோ முத்திரையோ இல்லாத பிரதியைத் திருட்டுப் பிரதியாகக் கொள்ள வேண்டும் என்று அது சொல்லும். அதன் கீழே மையில் ஒரு கையெழுத்தோ ஊதா நிற முத்திரையோ பதிந்திருக்கும். அன்று கையொப்பம் நூலுக்குக் காவல். உழைப்பும் பணமும் தன்னுடையவை என்று ஆசிரியர் வைத்த அடையாளம். வாங்கியவரும் தன் பெயரையும் ஊரையும் எழுதினார். சங்கத்து நூலானால் சங்கத்தின் முத்திரை விழுந்தது.

இன்று ஆசிரியரின் கையெழுத்து வாசகருக்கான தனிச்சிறப்பு. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியில் இப்போது எழுத்தாளரின் முன் வரிசையில் நின்று கையெழுத்து வாங்குவது தைமாத வழக்கமாகிவிட்டது. 2014 முதல் நூலாகி வந்த ஜெயமோகனின் ‘வெண்முரசு’ வரிசைக்கு வண்ணப் படங்களும் கெட்டி அட்டையும் கொண்ட செம்பதிப்புகள் வந்தன. முன்பதிவு செய்தவர்களுக்கு ஆசிரியரின் கையொப்பத்துடன் அவை கிடைத்தன. தமிழ் வாசகர் நல்ல தாளுக்கும் நல்ல கட்டுக்கும் மனமுவந்து பணம் கொடுப்பார் என்பதை அது காட்டியது. இது வரவேற்க வேண்டிய மாற்றம். நூலைப் பொருளாகவும் மதிக்கத் தெரிந்த சமூகம்தான் அதைப் பாதுகாக்கவும் கற்றுக்கொள்ளும்.

ஆனால் செம்பதிப்பு பிறக்கும்போதே பாதுகாப்போடு பிறக்கிறது. வாங்கியவருக்கு அதன் மதிப்பு முதல் நாளிலேயே தெரியும். தங்கவயல் நூலுக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2001க்குப் பின் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. போகாதவர்கள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். பெட்டியைக் காலி செய்யும்போது தாத்தாவின் புத்தகக் கட்டு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. எடைக்குப் போடுகிறவருக்கு அது பழுத்துப்போன காகிதம். ஆனால் முன்பக்கத்தில் இருக்கும் பெயரும் முத்திரையும் ஒரு சுரங்கத் தொழிலாளி தத்துவ நூல் வாங்கிப் படித்தார் என்பதற்கான சான்று. அந்தச் சான்று வேறெங்கும் இல்லை.

இன்று: தாளோடு நடக்கும் போராட்டம்

அந்தக் காலத்து மலிவுத் தாள் மரக்கூழில் செய்தது. மை பரவாமலிருக்கப் படிகாரமும் பைன் பிசினும் சேர்த்தார்கள். அந்தச் சேர்மானமே அமிலமாகி, உள்ளிருந்தபடி தாளை அரிக்கிறது. பக்கம் பழுப்பாகிறது, மடித்த இடத்தில் முறிகிறது. தங்கவயலுக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவு, ஊர் நடுவே சயனைடு மேடுகளாக நிற்கிறது. கோடையில் காற்றடித்தால் அந்த மாவுப் புழுதி வீட்டுக்குள் வந்து அலமாரியில் படியும். அதை ஈரத்துணியால் துடைத்தால் தாளில் கறையாக ஒட்டிக்கொள்ளும். மென்மயிர்த் தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளியெடுப்பதே சரி.

கையெழுத்துள்ள பக்கத்துக்கு இன்னும் கவனம் வேண்டும். ஊற்றுப்பேனா மை ஒளியில் வெளிறும், ஈரத்தில் கரையும். ஊதா முத்திரை மையும் நீர் பட்டால் பரவிவிடும். ஆகவே அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டக் கூடாது. லேமினேஷன் செய்யவும் கூடாது. ஒருமுறை பிளாஸ்டிக்கில் அடைத்த தாளைச் சேதமின்றி மீட்பது மிகக் கடினம். செல்லோடேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பசையைத் தாளுக்குள் இறக்கிவிடும். கிழிசலை ஒட்ட மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் போதும், அதையும் பழகியவர் கையால் செய்ய வேண்டும். துருப்பிடித்த கம்பி ஊசியை மெல்லக் கழற்றி நூலால் தைக்கலாம். வசம்பும் வேப்பிலையும் துணி முடிப்பில் கட்டி அலமாரியில் வைப்பது நம் பாட்டன்மார் அறிந்த பூச்சிக் காப்பு. இலை நேராகத் தாளில் படக் கூடாது. அமிலமற்ற அட்டைப் பெட்டி, வெயில் படாத உள்சுவர், தரையிலிருந்து ஓரடி உயரம் இருந்தால் ஒரு தொழிலாளர் வீட்டிலும் நூல் வாழும்.

சேர்ப்பது எதற்காக?

காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் சுமார் ஒரு லட்சம். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. ஆனாலும் அவை நாட்டை விட்டுப் போகவில்லை. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. ஒருவருடைய ஆசை எல்லோருடைய சொத்தாக மாறியது.

பண்டிதரின் எழுத்துக்கும் அப்படி ஒரு மீட்சி வந்தது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் ‘தமிழன்’ இதழ்களைத் தேடிப் பாதுகாத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இரண்டு தொகுதிகளைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்டது. மூன்றாம் தொகுதி 2003இல் வந்தது. தமிழ்ச் சமூக வரலாற்றைப் பற்றிய பேச்சே அதன்பின் மாறியது. யாரோ சிலர் பெட்டியில் போட்டுக் காத்த தாள்களால் விளைந்த மாற்றம் அது. பண்டிதரின் காலத்துப் பௌத்த அறிஞர் பொ. லட்சுமிநரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த சார நூலுக்கும் இதே கதைதான். 1948இல் அம்பேத்கர் முன்னுரை எழுதி அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். முதற்பதிப்பைச் சேர்ப்பவர் சிலராக இருக்கலாம். மறுபதிப்பு அதைப் பல வாசகர்களிடம் சேர்த்தது.

தங்கவயல் நூல்களுக்கு இன்னும் ஒரு வேலை மீதமிருக்கிறது. தொகுதியில் எழுத்து வந்துவிட்டது, நூல்கள் வந்துவிடவில்லை. எந்த வீட்டில் எந்தப் பதிப்பு இருக்கிறது, யார் கையெழுத்து, எந்தச் சங்கத்தின் முத்திரை என்று ஊர் முழுவதற்கும் ஒரு பட்டியல் வேண்டும். மூலம் வீட்டாரிடமே இருக்கட்டும். முன்பக்கம், பின்னட்டை விளம்பரம், ஓரக்குறிப்பு உட்பட ஒவ்வொரு பக்கமும் ஸ்கேன் செய்யப்பட்டு, நூலகங்களில் எவரும் படிக்கும்படி சேரட்டும். அரிய நூலை வைத்திருப்பவர் அதன் தாளைக் காக்க வேண்டும், அதன் சொல்லைப் பரப்ப வேண்டும். எல்லோரும் படிக்க வேண்டும் என்று வயிற்றைக் கட்டி அச்சிட்டவர்களின் நூலை அலமாரிக்குள் பூட்டி வைப்பது அவர்கள் நோக்கத்துக்கு நேர் எதிர். தங்கவயலில் வேரோடிய ஒவ்வொரு குடும்பமும் இந்த மாதமே ஒருமுறை பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பழுத்த காகிதம் என்று தூக்கிப் போடுமுன், முதல் பக்கத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று வாசித்துவிடுங்கள்.